நீர் விட்டுக்கொடுக்கும் வேகம்

1933-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கும் கனடாவுக்கும் எல்லையாக ஓடும் செயின்ட் கிளேர் நதியில், ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைக்காக இரண்டு மோட்டார் படகுகள் போட்டியிட்டன. அவற்றுள் ஒன்று, லாரியின் சரக்குத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய கார் வுட் என்பவருடைய ‘மிஸ் அமெரிக்கா 10’; 38 அடி நீளமும், பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட பாக்கார்ட் யந்திரங்கள் நான்கும், அவை யாவும் சேர்ந்து 6,000 குதிரைசக்திக்கு மேற்பட்ட பலமும் உடையது. மற்றது, ஹ்யூபர்ட் ஸ்காட்-பெயின் என்ற ஆங்கிலேயர் கடல் கடந்து கொண்டுவந்த ‘மிஸ் பிரிட்டன் 3’. அதன் நீளம் 24½ அடி. அதில் இருந்ததோ விமானத்துக்கென்று செய்யப்பட்ட நேப்பியர் லயன் யந்திரம் ஒன்றே ஒன்று. பலம் ஏறக்குறைய 1,400 குதிரைசக்தி. கோப்பை கார் வுட்டிடமே நின்றது. ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் அந்தச் சிறிய படகு இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நீர்ப்பரப்பில் மணிக்கு 100 மைல் என்ற எல்லையைக் கடந்து, ஒற்றை யந்திரத்தைக் கொண்டு அவ்வேகத்தைத் தொட்ட முதற்படகு என்ற கீர்த்தியைப் பெற்றது. பெரிய படகு முந்திய ஆண்டில் செயின்ட் கிளேர் நதியில் நிலைநாட்டியிருந்த உலக சாதனை 124 மைல். நான்கு மடங்குக்கு மேற்பட்ட சக்தியைச் செலவிட்டதற்குக் கிடைத்த பலன், வேகத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஏற்றமே.

இந்தக் கணக்கை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொண்டவருக்கு, மோட்டார் படகின் வேகத்தைப் பற்றிய சாஸ்திரத்தில் பாதி விளங்கிவிட்டது என்றே சொல்வேன். அந்த நதிக்கரையிலுள்ள அல்கோனாக் என்ற சிற்றூரில்தான் கிறிஸ் ஸ்மித் என்பவர் படகு கட்டத் தொடங்கி, பிற்காலத்தில் ‘கிறிஸ்-கிராஃப்ட்’ என்று உலகமெங்கும் பெயர் பரவிய தொழிலுக்கு வித்திட்டார். இன்றும் கோடைக்காலம் வந்துவிட்டால் அந்தப் பிரதேசத்து ஏரிகளுக்கு, காரின் பின்னே டிரெய்லரில் சிறு படகை ஏற்றிக்கொண்டு குடும்பத்துடன் வருகிறவர்கள் ஏராளம். அப்படி வருகிறவர்களில் அநேகர் உள்ளத்தில், தம் படகு இன்னும் ஐந்து மைல் கூடுதலாக ஓடாதா என்ற ஆசை இருக்கும்; அந்த ஆசை எழுந்ததும் பெரிய மோட்டாரின் விலையை விசாரிப்பதே வழக்கமாகவும் இருக்கும். செலவு மிகுதியான அந்த வழியைக் கடைசியில் வைத்துக்கொண்டு, படகுக்கும் நீருக்கும் உள்ள உறவை முதலில் ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர், காற்றைப்போல் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதைப் பிளந்துகொண்டு செல்லும் எந்தப் படகும் அலைகளை எழுப்பாமல் செல்ல முடியாது. அலையை எழுப்புவதற்கு வேண்டிய சக்தியோ படகின் யந்திரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. இந்த விஷயத்தை முறையாக அளந்து கண்டவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியியல் அறிஞர். பிரிட்டிஷ் கடற்படையின் பொருளுதவியோடு டார்க்கி என்ற கடற்கரை நகரத்தில் தம் இல்லத்தின் அருகே நீண்டதொரு நீர்த்தொட்டியை அமைத்து, கப்பல்களின் சிறு மாதிரிகளை அதில் இழுத்துச் சென்று, ஒவ்வொரு வேகத்திலும் நீர் காட்டும் தடையை 1872 முதல் அவர் அளந்து வந்தார். படகின் வேகம் ஏற ஏற அது எழுப்பும் அலையின் நீளமும் ஏறுகிறது; ஒரு கட்டத்தில் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிட, முன்னே ஒரு முகடும் பின்னே ஒரு முகடுமாகத் தான் உண்டாக்கிய பள்ளத்திலேயே படகு அமர்ந்துவிடுகிறது. அதற்குமேல் விரைய வேண்டுமானால் தன் முன்னலையின் மீது தானே ஏற வேண்டும். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை ‘நாட்’ கணக்கில் கிடைக்கும். 16 அடி நீளத்துக்கு அது 5.4 நாட், அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டர். பாரம் மிகுந்த கப்பலுக்கு இந்த எல்லை ஏறக்குறைய மதிற்சுவர் போன்றே நிற்கிறது.

அந்தச் சுவரைத் தாண்டுவதற்கு ஒரு வழியைச் சொன்னவர் கப்பல் கட்டுபவரல்லர்; ஸஸெக்ஸ் பிரதேசத்துப் பிளேடன் கிராமத்தில் பாதிரியாராக இருந்த சார்லஸ் ராமஸ். படகின் அடிப்பாகத்தை ஒரே பரப்பாகச் செய்யாமல், நடுவே படிபோல் ஒரு வெட்டு விட்டு, இரண்டு சாய்தளங்களாகச் செய்தால், வேகமாக ஓடும்போது படகு நீரைப் பிளக்காமல் நீரின்மேல் எழும்பிச் செல்லும் என்று 1872-இல் அவர் கடற்படைக்கு எழுதினார். ஃப்ரூட் அதைத் தம் தொட்டியில் பரிசோதித்துப் பார்த்தார். அக்காலத்து நீராவி யந்திரங்கள் தம் பலத்துக்குப் பொருந்தாத பாரம் உடையவையாக இருந்தபடியால், அந்த யோசனை காரியத்துக்கு வரவில்லை. பெட்ரோல் யந்திரம் தோன்றியபின் தார்னிகிராஃப்ட் நிறுவனத்தார் 1910-இல் கட்டிய ‘மிராண்டா 4’ என்ற 26 அடிப் படகு, அதே படி அமைப்பைக் கொண்டு 35 நாட் வேகத்தில் ஓடியது. பாதிரியாரின் சிந்தனை சரியானதே. அதைத் தாங்கவல்ல இலேசான யந்திரம் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆகவே உல்லாசப் படகின் வேகம் என்று நாம் பேசுவது, நீரின்மேல் எழுந்து ஓடும் அந்த இரண்டாம் நிலையைப் பற்றியே. படகு புறப்பட்டு வேகம் கொள்ளும்போது அதன் முன்புறமாகிய அணியம் வானத்தை நோக்கி உயர்ந்து, பின்புறம் தாழ்ந்து, யந்திரம் சற்றுத் திணறுகிறது. பிறகு திடீரென்று அணியம் இறங்கி, படகு சமனாகி, யந்திரத்துக்கு விசை கூட்டும் திராட்டிலைச் சிறிது குறைத்தாலும் அதே வேகம் நிலைக்கிறது. அடிப்பாகத்தின் பெரும்பகுதி அப்போது நீரைத் தொடுவதில்லை. தொடுகின்ற பகுதியின் உராய்வும், படகைத் தூக்கிப் பிடிப்பதற்காக நீரைக் கீழே தள்ளும் முயற்சியும் ஆகிய இரண்டே அதன்பின் முக்கியமான தடைகள். அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கல்விநிலையத்தைச் சேர்ந்த டேனியல் சாவிட்ஸ்கி 1964-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்விரண்டையும் கணிக்கும் முறையை வகுத்தார். இன்றளவும் படகு வடிவமைப்போர் அதைக் கையாளுகிறார்கள். படகு மிகவும் படுத்து ஓடினால் நனையும் பரப்பு பெருகி உராய்வு ஏறுகிறது. மிகவும் நிமிர்ந்து ஓடினால் தூக்கும் முயற்சியில் சக்தி வீணாகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நாலு பாகை அளவான சாய்வில் தடை மிகக் குறைவாயிருக்கிறது. இனிச் சொல்லப்போகும் உபாயங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த இரண்டு தடைகளோடு செய்துகொள்ளும் உடன்படிக்கைகளே.

முதலில் பாரம். 1924-லும் 1925-லும் அமெரிக்காவின் தங்கக் கோப்பையை வென்ற ‘பேபி பூட்லெக்கர்’ என்ற அழகிய படகை வடிவமைத்த ஜார்ஜ் கிரௌச், எளிய சூத்திரம் ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார். படகின் மொத்தப் பாரத்தைப் பவுண்டில் எடுத்து, குதிரைசக்தியால் வகுத்து, அந்த ஈவின் வர்க்கமூலத்தைக் கண்டு, படகின் வகைக்கேற்ற ஓர் எண்ணை அதனால் வகுத்தால், மைல் கணக்கில் வேகம் கிடைக்கும். சாதாரண உல்லாசப் படகுக்கு அந்த எண் 150. வேகத்துக்கென்று அமைந்த இலேசான படகுக்கு 190. பந்தயப் படகுக்கு 210. உதாரணமாக, 17 அடிக் கண்ணாடியிழைப் படகு ஒன்றில் பின்பலகைக்கு வெளியே மாட்டும் 90 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார் இருப்பதாகவும், ஆட்களும் பெட்ரோலும் சேர்ந்து பாரம் 1,900 பவுண்டு என்றும் கொண்டு, இலேசான படகுக்குரியதை ஒட்டிய 180 என்ற எண்ணை இட்டுப் பார்த்தால், வேகம் மணிக்கு 39 மைல். அதிலிருந்து 200 பவுண்டைக் குறைத்தால் 41 மைலுக்குச் சற்று மேல் வரும். பாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை 115 குதிரைசக்தியாக மாற்றினால் 44. சக்தி வர்க்கமூலத்துக்குள் அகப்பட்டிருப்பதால், வேகத்தை இரட்டிப்பாக்குவதற்குச் சக்தியை நான்கு மடங்காக்க வேண்டும். கார் வுட்டின் படகு தந்த பாடமும் இதுவே.

அந்த 200 பவுண்டு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். மீன்பிடிக்கும் படகில் உயிர்மீன்களை வைத்துக்கொள்ளும் தொட்டி முப்பது காலன் கொள்ளும். அது நிறைந்திருந்தால் 250 பவுண்டு. பெட்ரோல் காலனுக்கு ஆறு பவுண்டு வீதம், ஒரு மணி நேரம் சுற்றுவதற்கு நாள் முழுவதும் ஓடத்தக்க எரிபொருளைச் சுமப்பவர்கள் உண்டு. பயன்படாத நங்கூரங்கள், பழைய கயிறுகள், இரண்டாம் பாட்டரி, கருவிப்பெட்டி என்று ஒவ்வொரு பருவத்திலும் படகுக்குள் ஏறியவை இறங்குவதே இல்லை. இவற்றைவிட வஞ்சகமானது வேறொன்று. படகு மூழ்காமலிருக்கத் தளத்தின் கீழே நிரப்பியிருக்கும் நுரைப்பஞ்சு, பழைய படகுகளில் ஆண்டுக்கணக்காகக் கசிந்த நீரை உறிஞ்சிக்கொண்டு, சில நூறு பவுண்டு பாரமாகக் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும். வாங்கிய நாளில் ஓடிய வேகம் இப்போது இல்லை, மோட்டார் தளர்ந்துவிட்டது என்று புலம்புகிறவர், படகை ஒருமுறை டிரெய்லரோடு எடைமேடையில் நிறுத்தி, பிறகு டிரெய்லரை மட்டும் நிறுத்திப் பார்ப்பது, மோட்டாரைப் பிரிப்பதைக் காட்டிலும் நல்ல ஆரம்பம். பாரத்தின் அளவைப் போலவே அதன் இடமும் பேசும். பின்புறம் அதிகமாகக் கனத்தால் எழுந்து ஓடுவதற்குப் படகு தாமதிக்கும். முன்புறம் கனத்தால் எழுந்தபின் அணியத்தைத் தூக்க விடாது.

அடுத்தது அடிப்பாகம். நீரில் கட்டியே கிடக்கும் படகாயின் பாசியும் கொட்டலசும் படிந்து, சில வாரங்களிலேயே பல மைல் வேகத்தைத் தின்றுவிடும். அதைச் சுரண்டிக் கழுவுவது எவருக்கும் தெரிந்த பரிகாரம். அவ்வளவாகத் தெரியாத குறை ஒன்று உண்டு. அதை அமெரிக்கப் படகுக்காரர்கள் ‘ஹுக்’ என்று சொல்லுகிறார்கள். ஓடும்போது நீரைத் தொடுவது அடிப்பாகத்தின் கடைசி நாலைந்து அடிதான்; அந்த இடம் அளவுகோல் வைத்தாற்போல் நேராக இருக்க வேண்டும். டிரெய்லரின் தாங்குகட்டைகள் படகின் பின்விளிம்பு வரையில் நீளாமல் சற்று முன்னதாகவே முடிந்துபோனால், மோட்டாரின் பாரம் பின்பலகையைக் கீழ்நோக்கி இழுக்க, காலப்போக்கில் அடிப்பாகம் உள்வாங்கி வளைந்துவிடுகிறது. அந்தச் சிறு குழிவு ஓடும் நீரைக் கீழ்நோக்கித் திருப்பி, படகின் பின்புறத்தைத் தூக்கி, அணியத்தை அமுக்குகிறது. நனையும் பரப்பு பெருகி வேகம் குறைகிறது. படகைக் கவிழ்க்கக்கூட வேண்டாம், கீழே குனிந்து நீண்ட இரும்புக்கோல் ஒன்றை வைத்து வெளிச்சத்துக்கெதிரே பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். குறையைத் திருத்துவதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும்; ஆயினும் நூற்றுக்கணக்கான டாலர் செலவிட்டு வேறு எதையும் வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளாதவர், ஓட்டைப் பானையில் நீர் நிரப்பவே துணிகிறார்.

இனி, எல்லாவற்றிலும் நுட்பமான பொருள், புரொப்பெல்லர். மோட்டார் தரும் சக்தி முழுவதும் நீருக்குச் சென்று சேரும் வாசல் அது ஒன்றே. அதற்கு இரண்டு அளவுகள் உண்டு: ஒன்று விட்டம், மற்றது ‘பிட்ச்’. நீர் சற்றும் நழுவாத திடப்பொருளாயிருந்தால், ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் எவ்வளவு அங்குலம் முன்னேறுமோ அதுவே பிட்ச். மேலே சொன்ன படகின் மோட்டார் நிமிஷத்துக்கு 5,700 சுற்றுச் சுற்றுவதாகவும், பற்சக்கரங்கள் அதை 2.33-இல் ஒரு பங்காகக் குறைப்பதாகவும், புரொப்பெல்லரின் பிட்ச் 19 அங்குலம் என்றும் கொண்டால், கணக்கின்படி மணிக்கு 44 மைல் போக வேண்டும். உண்மையில் போவதோ 39. இந்த வித்தியாசமே ‘ஸ்லிப்’. இங்கே அது பதினோரு சதவீதம். சிறிதும் ஸ்லிப் இல்லாத புரொப்பெல்லர் நீரைத் தள்ளவே தள்ளாது. ஆகையால் ஓரளவு ஸ்லிப் அவசியம். ஆனால் அது இருபது, இருபத்தைந்து என்று ஏறினால், இலைகளில் சேதமோ, பொருத்தமற்ற அளவோ, மோட்டாரை மாட்டிய உயரத்தில் கோளாறோ இருக்கிறதென்று அறியலாம்.

பிட்ச் அதிகமானால் வேகம் அதிகமாகும் என்று எண்ணி 23 அங்குலத்தை வாங்கி மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். ஒவ்வோர் அங்குலம் கூடுவதற்கும் மோட்டாரின் சுழற்சி 150 முதல் 200 வரையில் குறையும். உற்பத்தியாளர் குறித்திருக்கும் முழுத்திராட்டில் எல்லை, 5,000 முதல் 6,000 வரை என்றிருந்தால், அந்த எல்லையின் மேற்பகுதியை மோட்டார் எட்ட வேண்டும். எட்டாத மோட்டார் தன் முழுப் பலத்தையும் வெளியிடுவதில்லை. நெடுநாள் அப்படித் திணறி ஓடினால் பழுதும் அடையும். மாறாக, எல்லையைக் கடந்து சுழலுமானால் பிட்சைக் கூட்டலாம். சுழற்சி காட்டும் கடிகாரத்தைப் பார்க்காமல் புரொப்பெல்லர் வாங்குவது வீண். அலுமினியத்தால் செய்தது விலை குறைவு. ஆயினும் பாரத்தில் அதன் இலை வளைந்துகொடுக்கும். பலத்துக்காகத் தடிப்பாகவும் வார்க்க வேண்டும். எஃகில் வார்த்த இலை மெல்லியதாயிருந்தும் வளையாது. விளிம்பில் சிறிது உட்குவிவு அமைத்தால் நீரை இறுகப் பற்றும். செலவிடும் பணத்துக்கு அதிகப் பலன் தருவது எதுவென்று கேட்டால், படகுக்கு ஏற்ற நல்ல எஃகுப் புரொப்பெல்லர் என்றே சற்றும் தயங்காமல் சொல்வேன்.

இலைகளின் முதுகில் நீரின் அழுத்தம் மிகக் குறைந்துபோனால், குளிர்ந்த நீரே கொதித்து ஆவிக்குமிழிகளாகிறது. அவை உடையும்போது உலோகத்தையே அரிக்கின்றன. சார்லஸ் பார்சன்ஸ் 1894-இல் நீரில் இறக்கிய ‘டர்பினியா’ என்ற கப்பல், புதுமையான நீராவி டர்பைனைக் கொண்டிருந்தும், இந்தக் கோளாற்றால் எதிர்பார்த்த வேகத்துக்கு அருகிலும் வரவில்லை. அவர் ஒரு சுழலச்சை மூன்றாக்கி, ஒவ்வோர் அச்சிலும் மூன்று புரொப்பெல்லர்களாக ஒன்பதை மாட்டியபின், 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பிலே, துரத்திவந்த ரோந்துப் படகுகளுக்கு அகப்படாமல் 34 நாட் வேகத்தில் அது பாய்ந்து சென்றது. டர்பைனும் அப்போது மாற்றப்பட்டதே; ஆயினும் நீரோடு அதன் பழக்கம் மாறியிராவிட்டால் அவ்வேகம் வந்திராது. இந்த ஆவிக்குமிழிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது, மேற்பரப்பிலிருந்து காற்று இழுக்கப்பட்டுப் புரொப்பெல்லரைச் சூழ்வது. திருப்பத்தில் மோட்டார் திடீரென்று அலறிச் சுழன்று, படகு தளர்ந்துபோவதை உல்லாசப் படகுக்காரர் அனுபவித்திருப்பார். அது பெரும்பாலும் காற்றின் வேலை.

காற்றைப் பற்றிச் சொன்னதும் மோட்டாரை மாட்டும் உயரத்துக்கு வந்துவிடுகிறோம். வேகமாக ஓடும் படகின் பின்னே நீருக்குள் இறங்கியிருக்கும் பற்சக்கரப் பெட்டி, மொத்தத் தடையில் கணிசமான பங்கை உண்டாக்குகிறது. ஆகவே மோட்டாரை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு நன்மை. புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, படகின் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில் இருப்பது தொடக்க நிலை. அதிலிருந்து ஒவ்வொரு துளையாக, சுமார் முக்கால் அங்குலம் வீதம் உயர்த்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். திருப்பத்தில் காற்றை இழுத்து அலறுகிற உயரம் வந்தால் ஒரு துளை இறக்கிவிட வேண்டும். பின்பலகைக்கும் மோட்டாருக்கும் நடுவே ‘ஜாக் பிளேட்’ என்ற தாங்கியைப் பொருத்தி மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளினால், படகின் கீழிருந்து வெளிப்படும் நீர் பின்னே போகப்போக மேலெழுவதால், ஓரடி பின்தள்ளலுக்கு ஓரங்குலம் வீதம் இன்னும் உயர்த்தலாம். ஒன்றை மாத்திரம் மறக்கக் கூடாது. மோட்டாரைக் குளிர்விக்கும் நீர், அதே பெட்டியின் பக்கத்துளைகள் வழியாகத்தான் ஏறுகிறது. துளைகள் நீர்மட்டத்துக்கு வந்துவிட்டால் மோட்டார் சில நிமிஷங்களில் கொதித்துக் கெட்டுவிடும். நீரழுத்தம் காட்டும் கருவியைப் பொருத்தாமல் உயரத்தில் கைவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உயரத்தை ஒருமுறை அமைத்துவிடலாம். ‘டிரிம்’ என்பதோ ஓட்டுகிறவரின் விரல்நுனியில் கணந்தோறும் நடக்கும் கலை. புறப்படும்போது மோட்டாரை உள்ளே இழுத்து வைத்தால் அணியம் தாழ்ந்து படகு விரைவில் எழுகிறது. எழுந்தபின் சிறிது சிறிதாக வெளியே சாய்க்கச் சாய்க்க, அணியம் உயர்ந்து, நீர்த்தெறிப்பு பக்கவாட்டில் பின்னுக்கு நகர்ந்து, திருப்புசக்கரம் இலேசாகி, வேகமானி ஏறிக்கொண்டே வருகிறது. ஒரு நிலைக்குமேல் படகு முன்னும் பின்னும் தாளகதியில் குதிக்கத் தொடங்கும்; அங்கே சிறிது உள்ளே இழுத்தால் குதிப்பு நின்றுவிடும்; அந்த இடத்தை ஒட்டியே அப்படகின் உச்சவேகம் இருக்கிறது. எதிர்க்காற்றுக்கு ஓரளவு, பின்காற்றுக்கு ஓரளவு, நான்கு பேர் ஏறினால் ஓரளவு என்று அது மாறிக்கொண்டேயிருக்கும். ஒரே படகை ஒரே நாளில் இருவர் ஓட்டி, ஒருவர் மூன்று மைல் கூடுதலாகப் பெறுவதற்கு இந்தக் கைப்பழக்கமே காரணம். இதற்குக் காசு செலவில்லை, பொறுமை மாத்திரம் வேண்டும்.

புரொப்பெல்லரை உயர்த்தும் யோசனையை அதன் முடிவான எல்லை வரையில் கொண்டுசென்றவர்கள் சியாட்டில் நகரத்தார். டெட் ஜோன்ஸ் வடிவமைத்து, ஆங்கர் ஜென்ஸன் கட்டி, ஸ்டான்லி ஸேயர்ஸ் ஓட்டிய ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ என்ற படகு, ஓடும்போது முன்புறத்து இரண்டு மிதவைகளின் நுனியிலும், பின்னே பாதி நீருக்கு வெளியே சுழலும் புரொப்பெல்லரிலுமாக மூன்றே இடங்களில் நீரைத் தொட்டது. 1950 ஜூன் 26 அன்று வாஷிங்டன் ஏரியில் அது மணிக்கு 160 மைலைத் தாண்டி, 1939 முதல் ஸர் மால்கம் காம்ப்பெல் வசமிருந்த 141 மைல் சாதனையை ஒரே பாய்ச்சலில் பின்னுக்குத் தள்ளியது. அப்படகின் யந்திரம் போர்க்காலத்து விமான யந்திரம் ஒன்றே. கார் வுட்டிடம் இருந்தவை நான்கு என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் மனிதர் கற்றது எந்தத் திக்கில் என்பது விளங்கும்.

மோட்டாரைப் பற்றி விரிவாகச் சொல்வதற்கு அதிகமில்லை. தீப்பொறிச் செருகிகள் சுத்தமாயிருந்து, எரிபொருள் வடிகட்டி அடைபடாமல், திராட்டில் கம்பி முழுவதும் திறக்குமானால், தொழிற்சாலை தந்த பலத்தை அது தந்துவிடும். ஆயினும் இடத்தின் உயரம் அதைக் குறைக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆயிரம் அடி ஏறுவதற்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் பலம் போகிறது. கடல்மட்டத்திலிருந்து 6,225 அடி உயரத்தில் கிடக்கும் டாஹோ ஏரிக்குக் கலிபோர்னியாக் கரையிலிருந்து கொண்டுசெல்லும் 90 குதிரைசக்தி மோட்டார், அங்கே 73-க்குமேல் தராது. அவ்விடத்துக்குப் பரிகாரம், பிட்ச் குறைந்த வேறொரு புரொப்பெல்லரை மாட்டி, மோட்டாரைத் தன் சுழற்சிக்கு மீளச் செய்வதே.

எந்த மாறுதலும் பலித்ததா என்பதை அறிவதற்கு அளவை சரியாயிருக்க வேண்டும். பின்பலகையில் பொருத்திய குழாயின் வழியே நீரழுத்தத்தைக் கொண்டு காட்டும் பழைய வேகமானி, களையும் சேறும் அடைத்தால் பொய் சொல்லும். செயற்கைக்கோள்களைக் கொண்டு கணிக்கும் ஜி.பி.எஸ். கருவியே நம்பத் தக்கது. உலக சாதனைகளை எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடிச் சராசரி எடுத்தே அங்கீகரிக்கிறார்கள். காற்றும் நீரோட்டமும் ஒரு திசைக்குத் தரும் சலுகையை மறுதிசையில் பறித்துக்கொள்வதால் அது நியாயமான முறை. எரிபொருள், ஆட்கள், சுழற்சி, மோட்டாரின் உயரம், புரொப்பெல்லர் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி, ஒரு தடவைக்கு ஒரு மாறுதல் மட்டும் செய்து வருபவர், ஒரே பருவத்தில் தம் படகைப் பற்றி எந்தக் கடைக்காரரையும்விட அதிகமாக அறிந்துவிடுவார்.

இவ்வளவும் அமைதியான ஏரிக்குப் பொருந்தும். அலை உள்ள இடத்தில் கணக்கு வேறு. 1960-இல் மியாமியிலிருந்து பஹாமாத் தீவுகளின் நாஸோவுக்கு நடந்த பந்தயத்தில், கொந்தளிக்கும் கடலில் மற்றப் படகுகள் வேகத்தைக் குறைத்துத் தத்தளித்தபோது, ரே ஹண்ட் வடிவமைத்த, பின்பலகை வரையில் ஆழ்ந்த ‘வி’ போன்ற அடிப்பாகம் கொண்ட ‘மாப்பி’ ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து வாகைசூடியது. அத்தகைய அடிப்பாகம், தட்டையானதைக் காட்டிலும் அதிக நீரைத் தொடுகிறது. அதே வேகத்துக்கு அதிகச் சக்தியும் கேட்கிறது. ஆனால் அலையை அறையாமல் வெட்டிச் செல்வதால், திராட்டிலை மூடாமல் ஓட்ட முடிகிறது. அலைமிகுந்த பெரிய ஏரிகளில் ஓடும் படகுக்கு ஆழ்ந்த அடிப்பாகத்தை வாங்கியவர், கண்ணாடிபோன்ற நீரில் பக்கத்துப் படகு முந்திச் செல்வதைக் கண்டு வருந்த வேண்டியதில்லை.

வேகம் ஏறும்போது நீர் தன் பிடியை விடுகிறது. அந்தப் பிடியை நாம்தான் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம் என்பதையும் நினைக்க வேண்டும். 1967 ஜனவரி 4 அன்று கானிஸ்டன் ஏரியில் டொனால்ட் காம்ப்பெல், முதல் ஓட்டத்தில் மணிக்கு 297 மைல் கண்டு, மறுதிசையில் 300-ஐக் கடந்து வரும்போது, ‘புளூபேர்ட்’ படகின் மூக்கின் கீழே காற்றுப் புகுந்து, அதைத் தூக்கிப் புரட்டியது; அவர் உயிரிழந்தார். 1978 அக்டோபர் 8 அன்று கென் வார்பி என்ற ஆஸ்திரேலியர், சிட்னியில் தம் வீட்டின் பின்முற்றத்தில் மரத்தால் கட்டிய ஜெட் படகில் 317 மைலைத் தாண்டி நிலைநாட்டிய சாதனையை இதுவரை எவரும் முறியடிக்கவில்லை; முயன்றோரில் சிலர் மாண்டிருக்கின்றனர். உல்லாசப் படகு அவ்வுலகத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அறுபது மைலை நெருங்கும் ‘வி’ அடிப்பாகப் படகு, நீரில் ஊன்றிய பரப்பு குறுகிப்போய், இடமும் வலமுமாகப் புரளத் தொடங்கும். பழகாதவர் திருப்புசக்கரத்தோடு போராடினால் புரளல் வளரும். திராட்டிலைச் சிறிது தளர்த்துவதே முறை. கம்பியால் இயங்கும் பழைய திருப்புசாதனத்துக்குப் பதிலாக எண்ணெயழுத்தத்தால் இயங்குவதைப் பொருத்துவது, அவ்வேகத்தில் செய்யத்தக்க முதற்செலவு.

அமெரிக்கச் சட்டப்படி, இருபது அடிக்கு உட்பட்ட படகுகளில், தாங்கத்தக்க ஆட்களின் எண்ணிக்கையையும் பாரத்தையும் உச்ச குதிரைசக்தியையும் குறித்த தகடு பதித்திருக்க வேண்டும். படகின் நீளம், பின்பலகையின் அகலம், திருப்பும் முறை ஆகியவற்றைக் கொண்டு கணித்த அளவு அது. அதை மீறிப் பெரிய மோட்டாரை ஏற்றுகிறவர் அந்தப் பின்பலகையைக் கட்டியவரின் கணக்கை மீறுகிறார். திருப்பத்தில் ஓட்டுகிறவர் வெளியே எறியப்பட்டால், ஆளற்ற படகு வட்டமிட்டுத் திரும்பி அவர்மீதே வருவது அநேக மரணங்களுக்குக் காரணமாகியிருக்கிறது. இதைத் தடுப்பதற்காக, ஓட்டுகிறவரின் உடலோடும் மோட்டாரின் விசையோடும் பிணைந்த சிறு வடம் ஒன்று உண்டு; அவர் இடம்பெயர்ந்தால் அது பிடுங்கிக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும். அத்தகைய விசை பொருத்தப்பட்ட, 26 அடிக்கு உட்பட்ட, மூன்று குதிரைசக்தியோ அதற்கு மேலோ உள்ள படகுகளில் அதை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் 1 முதல் அந்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. துறையை விட்டு மெல்ல நகரும்போது சட்டம் அதை வற்புறுத்துவதில்லை. ஃப்ரூட் தம் தொட்டியில் அளந்து கண்ட அந்த எல்லையைக் கடந்து, படகு நீரின்மேல் எழுந்து ஓடத் தொடங்கும் வேகத்திலிருந்துதான் வற்புறுத்துகிறது.